டஸ்கனி வானத்துக்குக் கீழே அத்தையும் நானும்

முதல் நாள்: ரயிலில்

ஸ்டுட்கார்ட்டில் விடியற்காலை ரயிலைப் பிடித்தோம். சூரிச்சில் ஒரு மாற்றம், மிலானில் ஒரு மாற்றம். பீசா போய்ச் சேர இரவாகிவிடும். எதிர் இருக்கையில் அத்தை. தலையில் என் பெரிய ஹெட்போன், மடியில் புளியோதரை டப்பா, காலைச் சுற்றிக் கம்பளிச் சால்வை. கும்பகோணத்தில் நாற்பது வருஷம் பாட்டு வகுப்பு நடத்தியவர். எழுபத்தொரு வயதில் முதல்முறையாக என் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

“எங்க போகலாம் அத்தை, பாரிஸுக்கா?” என்று கேட்டேன்.

“அந்தக் கண் தெரியாத பாடகர் ஊருக்குக் கூட்டிட்டுப் போ.”

அந்தப் பாடகர் இத்தாலியின் அந்திரேயா பொச்செல்லி. அவரை அத்தைக்கு அறிமுகம் செய்தது நான் இல்லை, ஊரடங்கு. 2020 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு. ஆளே இல்லாத மிலான் பேராலயத்தில் ஆர்கன் வாசிப்பவரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு பாடினாரே, அந்த வீடியோ யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பி அத்தைக்கும் வந்திருக்கிறது. கடைசியில் வெளியே வந்து, வெறிச்சோடிய சதுக்கத்துக்கு எதிரே நின்று பாடியதைப் பார்த்து அழுதாராம். அழுது முடித்ததும் ஒரு கேள்வி வந்திருக்கிறது. ஐந்து வருஷமாக அதை மனசில் வைத்திருந்து, என் சமையலறையில் அவர் பாட்டு ஓடியதும் கேட்டுவிட்டார்.

“குரல் பாலாட்டம் இருக்கு. ஆனா மைக் இல்லாம பாடுவாரா?”

சாதாரணக் கேள்விதான், ஆனால் பொச்செல்லியின் முப்பது வருஷ மேடை வாழ்க்கையை விமரிசகர்கள் குடைந்துகொண்டிருப்பதே இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். ஓபரா என்ற இசை நாடகத்தில் பாடுகிறவருக்கு மைக் கிடையாது. அறுபது எழுபது வாத்தியங்களைத் தாண்டி, மேல்மாடத்தில் கடைசி வரிசையில் இருப்பவர் காதுக்கு வெறும் தொண்டை போய்ச் சேர வேண்டும். பொச்செல்லி 1999இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் முழு ஓபரா ஒன்றில் நடித்துப் பாடியபோது, குரல் இனிமைதான், அரங்கைத் தாண்டவில்லை என்று எழுதினார்கள். அதே வருஷம் அவர் வெளியிட்ட பக்திப் பாடல் தொகுப்பான ‘சேக்ரட் ஏரியாஸ்’, தனிப்பாடகர் ஒருவரின் செவ்வியல் தொகுப்புகளிலேயே மிக அதிகம் விற்றது என்ற பெயரை எடுத்தது. இரண்டும் ஒரே ஆள், ஒரே வருஷம்.

ஜெர்மனியில் வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இவர் வேறு விதமாக அறிமுகம். பணி ஓய்வு விழாவா, சாவு வீடா, ஒரே பாட்டுதான். 1996 நவம்பரில் மியூனிக்கில் ஹென்றி மாஸ்கே என்ற குத்துச்சண்டை வீரரின் விடைபெறும் போட்டி. அதற்காக ஆங்கிலப் பாடகி சாரா பிரைட்மன் பொச்செல்லியோடு சேர்ந்து பாடியது ‘டைம் டு சே குட்பை’. மாஸ்கே அன்று தோற்றுப்போனார். தொழில்முறை வாழ்க்கையில் அவருக்கு அது ஒன்றுதான் தோல்வி. பாட்டு மட்டும் நாடு முழுக்க ஜெயித்தது. வேடிக்கை என்னவென்றால், 1995இல் பொச்செல்லி தனியாகப் பாடிய மூல இத்தாலியப் பாட்டின் பெயர் ‘கொன் தே பார்த்திரோ’. உன்னோடு புறப்படுவேன் என்று அர்த்தம். கூடவே வருகிறேன் என்ற பாட்டைப் போய்வா என்று ஆக்கிவிட்டார்கள்.

மிலானைத் தாண்டியதும் அத்தைக்கு 2001இல் வந்த ‘சியெலி தி தொஸ்கானா’ தொகுப்பைப் போட்டுக் கொடுத்தேன். டஸ்கனியின் வானங்கள் என்று அர்த்தம். பீசா இருக்கும் இத்தாலியப் பகுதிதான் டஸ்கனி. இந்தப் பயணத்துக்கு அதுதான் எங்கள் வரைபடம். கராரா பக்கம் வந்தபோது மலை உச்சிகள் வெள்ளையாகத் தெரிந்தன. பனி என்று நினைத்து அத்தை போட்டோ எடுத்தார். பளிங்குக் குவாரிகள்.

இரண்டாம் நாள்: பீசா

காலை ஐந்து மணிக்கு ஏதோ ரீங்காரம் கேட்டு விழித்தேன். அத்தை போர்வைக்குள் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே சாதகம் செய்துகொண்டிருந்தார். ஹோட்டல் சுவர் காகிதம் மாதிரி மெல்லியது. பக்கத்து அறைக்காரர் இருமுவது இங்கே கேட்கிறது. “யாருக்கும் தொந்தரவு வேணாம்” என்று கிசுகிசுத்தார்.

சாய்ந்த கோபுரத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. சாய்ந்துதான் இருக்கிறது. எங்களைப் பிடித்து நிறுத்தியது பக்கத்திலிருக்கும் ஞானஸ்நான மண்டபம். 1152இல் கட்டத் தொடங்கிய வட்டக் கட்டடம், இத்தாலியில் இந்த வகையில் ஆகப் பெரியது. அரை மணிக்கு ஒரு தடவை அங்கே ஒரு காவலர் கதவைச் சாத்துகிறார். எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொல்கிறார். நடுவில் போய் நின்று வாயைத் திறக்கிறார்.

நாங்கள் போனபோது பாடியவர் ஒரு பெண், காவலர் சீருடையில். முதல் ஸ்வரத்தைப் பாடி நிறுத்தினார். ஸ்வரம் நிற்கவில்லை. மேலே ஏறிக் குவிமாடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. அது அடங்குவதற்குள் அடுத்த ஸ்வரம், அதன்மேல் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மூன்று நான்கு பேர் சேர்ந்து பாடுவது போல ஆகிவிட்டது. அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினார். “ச, க, ப. தனித்தனியாத்தான் பாடுறா. சேர்த்து வைக்கிறது கட்டடம். தம்புராவுக்குள்ள உட்கார்ந்திருக்க மாதிரி இருக்குடி.”

அடுத்த அரை மணியும் இருந்து இன்னொரு தடவை கேட்டோம்.

வெளியே புல்தரையில் அத்தை ஒரு கணக்குப் போட்டார். அந்தப் பெண்ணின் குரல் பெரிய குரல் இல்லை. கட்டடம்தான் அதைப் பெரிசாக்கியது. அப்படியென்றால் கட்டடமும் ஒரு மைக்தானே? எனக்கு அது கொஞ்சம் வக்கீல் வாதமாகப் பட்டது. சொல்லவில்லை. அடுத்து நாங்கள் போனதே வக்கீல் படித்த இடத்துக்கு.

சபியென்சா என்ற பழைய பல்கலைக்கழக மாளிகை. பொச்செல்லி பீசாவில் சட்டம் படித்தார். பிறக்கும்போதே கண்ணழுத்த நோய். பன்னிரண்டு வயதில் கால்பந்து ஆடும்போது அடிபட்டு மிச்சப் பார்வையும் போனது. பிரெய்ல் கற்றது ரெஜ்ஜோ எமிலியாவில் ஒரு விடுதிப் பள்ளியில். பட்டம் வாங்கி, நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞராக ஒரு வருஷம் வேலையும் பார்த்தார். படிப்புச் செலவுக்கு ராத்திரிகளில் பியானோ பார்களில் வாசித்துப் பாடினார்.

பியானோ பார் என்றால் என்ன என்று அத்தைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சாப்பிடுகிறவர்கள் சாப்பிடுவார்கள், பேசுகிறவர்கள் பேசுவார்கள், மூலையில் ஒருத்தர் வாசித்துக்கொண்டே மெல்லப் பாடுவார். மைக்கோடுதான்.

“அப்ப கல்யாணக் கச்சேரி” என்றார் அத்தை. நூற்றுக்கு நூறு. “அதுல பாடிப் பழகினவனுக்குக் கத்த வராது. பக்கத்து இலைக்காரன் பேச்சைக் கெடுக்காம பாடணும். தொண்டை அப்படித்தான் அமையும்.”

அமெரிக்க விமரிசகர்கள் யாருக்கும் இது தோன்றியதாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள்: லிவோர்னோ

பீசாவிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். துறைமுக ஊர், அழகுப் போட்டிக்கு வராத ஊர். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

முதலில் சாப்பாடு. இந்த ஊர் மீன் குழம்புக்குப் பேர்போனது, அதனால் அத்தைக்கு உதவாது. ஆனால் ‘தோர்த்தா’ என்று ஒன்று இருக்கிறது. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. பெரிய செப்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளிவிடுகிறார்கள். மேலே முறுகலும் உள்ளே வெண்ணெய் மாதிரியும் வருகிறது. மிளகு தூவி, ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். பீசாவில் இதையே ‘செசீனா’ என்கிறார்கள். “அடை” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு அத்தை இரண்டு வாங்கினார். “பெருங்காயம்தான் இல்ல.”

இப்படி ஒரு அடுப்பங்கரை வீட்டில்தான், ரொட்டிக்காரரின் மகனாக, 1863இல் ஓபரா இசையமைப்பாளர் பியேத்ரோ மஸ்கான்யி பிறந்தார். கடலோரத்தில் அவர் பெயரில் ஒரு மேடை இருக்கிறது. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பதித்த சதுரக் கற்கள், ஒரு பிரம்மாண்ட சதுரங்கப் பலகையைக் கடலுக்கு மேல் விரித்தது போல. அதில் குழந்தைகள் கறுப்பை மட்டும் மிதித்து ஓடிக்கொண்டிருந்தன. நானும் கொஞ்ச தூரம் ஓடினேன்.

1890 மே 17, ரோம். ஒரே அங்கம் உள்ள ஓபராக்களுக்கான போட்டி. இருபத்தாறு வயது மஸ்கான்யி அனுப்பியிருந்த ‘கவலேரியா ருஸ்திகானா’ அன்று மேடை ஏறியது. ராஜா ராணி இல்லை, தேவதைகள் இல்லை. சிசிலிக் கிராமத்தில் ஒரு வண்டிக்காரன், அவன் பெண்டாட்டி, அவள்மேல் பழைய காதல் உள்ள ஒரு பையன், ஈஸ்டர் காலையில் ஒரு கொலை. மறுநாளே அவர் பெயர் பரவிவிட்டது. அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தார், எத்தனையோ எழுதினார், அந்த உயரத்தை மறுபடி தொடவில்லை.

‘சியெலி தி தொஸ்கானா’வில் ‘மஸ்கான்யி’ என்றே ஒரு பாட்டு இருக்கிறது. அதை இந்த மேடையில் உட்கார்ந்துதான் கேட்பேன் என்று அத்தையை இரண்டு நாளாகக் காக்க வைத்திருந்தேன். கேட்டார். ஹெட்போனைக் கழற்றினார்.

“பெரியவர் பேரை வெச்சு மெல்லிசை.”

“நல்லா இல்லையா அத்தை?”

“நல்லாத்தான் இருக்கு. சினிமாவுல கதாநாயகன் அம்மாவை நினைச்சுக்கிற இடத்துல வரும்.”

எனக்குக் கோபம்தான். ஆனால் தொகுப்பு முழுக்கவே அப்படித்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ‘மெலொத்ராம்மா’, ‘மில்லே லூனே மில்லே ஓந்தே’ எல்லாம் இசைக்குழு பின்னால் பொங்க, குரல் மெதுவாகத் தொடங்கி உச்சிக்கு ஏறும் பாட்டுகள். ‘லின்கோந்த்ரோ’ என்ற பாட்டில் யூ2 குழுவின் போனோ ஒரு கவிதை வாசிக்கிறார். ஓபரா இதில் இல்லை. தலைப்பில் இருக்கும் வானத்தைக்கூடத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

செவ்வியலையும் மெல்லிசையையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதுதான் ‘கிராஸ்ஓவர்’ என்று நினைத்திருந்தேன். தொகுப்புகளை வருஷவாரியாக அடுக்கியபோது அப்படித் தெரியவில்லை. 1997 ‘ரொமான்சா’, மெல்லிசை. இரண்டு கோடிப் பிரதிகள் போனது. 1998 ‘ஏரியா’, முழுக்க ஓபரா. 1999இல் ‘சோன்யோ’ மெல்லிசை, ‘சேக்ரட் ஏரியாஸ்’ பக்தி. 2000 ‘வெர்தி’, அந்தப் பெயருள்ள ஓபரா இசையமைப்பாளரின் பாட்டுகள். 2001 ‘சியெலி தி தொஸ்கானா’. சாம்பார் கரண்டியை ரசத்தில் போடாத வீடு மாதிரி, ஒன்று முடித்து ஒன்று. தொகுப்புக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளும் பழக்கமும் அப்படியே தொடர்ந்தது: 2008 ‘இன்கான்தோ’ நேப்பிள்ஸ் பாட்டுகளுக்கு, 2015 ‘சினிமா’ திரைப்பாட்டுகளுக்கு.

‘வெர்தி’ தொகுப்பில் இசைக்குழுவை நடத்தியவர் ஜுபின் மேத்தா என்றதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். “நம்ம பம்பாய்க்காரர்.” அவரேதான் 1990இல் ரோமில் பவரொட்டி, டொமிங்கோ, கரேராஸ் என்ற மூன்று பெரிய ஓபரா பாடகர்களையும் ஒரே மேடையில் நடத்தியவர். உலகக் கோப்பைக் கால்பந்து சமயம். பழைய ரோமானியக் குளியல் மண்டப இடிபாடுகளில், திறந்தவெளியில். மைக்கோடு.

“அப்ப பவரொட்டிக்கு மட்டும் மைக் பரவாயில்லையா?” என்று கேட்டுவிட்டு அத்தை மிச்ச அடையைப் பிரித்தார்.

நான்காம் நாள்: தோர்ரே தெல் லாகோ, வியாரெஜ்ஜோ

மழை. குடை ஒன்றுதான் இருக்கிறது. இன்று சுருக்கமாக.

முதலில் ஒரு விட்டுப்போனது. பொச்செல்லி பியானோ பாரிலிருந்து நேராக மேடைக்கு வந்துவிட்டது போல முன்பு எழுதிவிட்டேன். நடுவில் 1992 இருக்கிறது. சுக்கெரோ என்ற ராக் பாடகர், பவரொட்டியோடு பாட ஒரு பாட்டு எழுதியிருந்தார். பவரொட்டிக்கு அனுப்பும் மாதிரி ஒலிநாடாவில் அவருடைய பகுதியைப் பாட ஒரு டெனர், அதாவது உச்சஸ்தாயியில் பாடும் ஆண் பாடகர், தேவைப்பட்டது. அந்தத் தேர்வில் ஜெயித்தவர் முப்பத்து மூன்று வயது வக்கீல். நாடாவைக் கேட்ட பவரொட்டி, இந்தக் குரலை வைத்துக்கொண்டு என்னை எதற்குக் கேட்கிறீர்கள் என்ற மாதிரி சொன்னாராம். கடைசியில் அவரே பாடினார், ஆனால் சுக்கெரோவின் 1993 சுற்றுப்பயணத்தில் அந்தப் பகுதியைப் பாடியது பொச்செல்லி. 1994இல் சான்ரெமோ விழாவில் புதியவர்கள் பிரிவில் முதல் பரிசு. அடுத்த வருஷம் அதே விழாவில் ‘கொன் தே பார்த்திரோ’வுக்கு நான்காவது இடம். அந்த வருஷம் முதல் மூன்று இடம் வாங்கிய பாட்டுகள் எவை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஓபரா இசையமைப்பாளர் புச்சினியின் வீடு தோர்ரே தெல் லாகோவின் ஏரிக்கரையில் இருக்கிறது. ‘லா போயெம்’, ‘தோஸ்கா’, ‘மதாமா பட்டர்ஃபிளை’ மூன்று ஓபராக்களுக்கும் இசை எழுதிய காலத்தில் இந்த ஊரில்தான் வாழ்ந்தார். வீட்டுக்குள்ளேயே சின்னச் சிற்றாலயம், அதில் அவரைப் புதைத்திருக்கிறார்கள். விடாமல் புகைத்தவர். தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறப் போன பிரசல்ஸில் 1924இல் இறந்தார். ஆயுசு முழுக்க மற்றவர் தொண்டைக்கு எழுதியவர், என்று அத்தை முணுமுணுத்தார். பொச்செல்லி முதன்முதலாகப் பெரிய ஓபரா வேடம் ஏற்றதும் ‘லா போயெம்’மின் ரொதோல்ஃபோவாகத்தான், 1998இல் சார்தீனியாத் தீவின் கல்யாரியில்.

வியாரெஜ்ஜோவில் மழை வலுத்துவிட்டது. பதினாலு வயதில் பொச்செல்லி ‘ஓ சோலே மியோ’ பாடித் தன் முதல் போட்டியை ஜெயித்த ஊர். கடற்கரைக் கடைகள் பாதி மூடியிருந்தன. ஒரு காப்பிக் கடையில் ஒதுங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். “என் சூரியனேன்னு பாடினானாமா இங்க” என்று ஜன்னலைப் பார்த்து அத்தை சிரித்தார்.

புச்சினி பிறந்த லூக்கா பக்கத்தில்தான், அங்கே போகவில்லை. எல்லாரும் திட்டுவீர்கள். முட்டி வலி எங்களுடையது.

ஐந்தாம் நாள்: லயாத்திகோ

காலையில் ரயிலில் பொந்தெதேரா. வெஸ்பா ஸ்கூட்டர் 1946லிருந்து இங்கேதான் உருவாகிறது. தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே அருங்காட்சியகம். பஜாஜ் கம்பெனி முதலில் உரிமம் வாங்கி நம் ஊரில் செய்து விற்றதும் வெஸ்பாதான் என்பதால், உள்ளே அத்தைக்குத் தெரிந்த முகங்கள் நிறைய. வெளிர்நீல வண்டி ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். மாமாவிடம் அதே நிறம் இருந்தது. ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து உதைப்பாராம். “நானும் சேர்ந்து சாய்வேன்” என்றார். அங்கிருந்து அவரை நகர்த்த நேரமானது, அதனால் பஸ் போய்விட்டது என்றுதான் எழுத வேண்டும். உண்மை வேறு. சீக்கிரமே போய் நின்றோம். அட்டவணையில் இருந்த பஸ் வரவே இல்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்து டாக்ஸி பிடித்தோம். கட்டணத்தை அத்தையிடம் சொல்லவில்லை.

ஏரா பள்ளத்தாக்கு. அஞ்சல் அட்டையில் இருக்கும் பச்சை டஸ்கனி அக்டோபரில் கிடையாது. அறுவடை முடிந்து உழுதுபோட்ட குன்றுகள், களிமண் நிறம், யானைத் தோல் மாதிரி மடிப்பு மடிப்பாக. நடுவில் ஒற்றைக் கோடாக சைப்ரஸ் மரங்கள். மேலே வானம் மட்டும் ஏராளம். தொகுப்புக்கு ஏன் அந்தப் பெயர் என்று காருக்குள் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. இங்கே நிலம் அடங்கிக் கிடக்கிறது, எல்லா நடமாட்டமும் மேலேதான்.

கீழே சாலையோரம் லா ஸ்தெர்சா. 1958 செப்டம்பர் 22 அன்று பொச்செல்லி பிறந்த சிற்றூர். வீட்டில் விவசாய எந்திரங்கள் விற்றார்கள், திராட்சைத் தோட்டம் வைத்து ஒயின் செய்தார்கள். ஒயின் இன்னும் குடும்பப் பெயரில் வருகிறது. குழந்தையாக இருந்தபோது பாட்டுப் போட்டால்தான் அழுகை நிற்கும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஒரியானா என்ற பெண்மணி வாங்கிக் கொடுத்த முதல் இசைத்தட்டு ஃபிராங்கோ கொரெல்லி என்ற ஓபரா டெனருடையது. கொரெல்லிக்கு ஊர் அதிரும் குரல். இந்தப் பையன் அதைக் கேட்டுத்தான் டெனராக ஆசைப்பட்டான், பின்னாளில் அவரிடமே போய்ப் பாடமும் கேட்டான். காரிலேயே இருவரின் குரலையும் அடுத்தடுத்துப் போட்டேன். அத்தை கண்ணை மூடிக் கேட்டார்.

“அது வாசல்ல நின்னு கூப்பிடற குரல். இவரோடது பக்கத்துல உட்கார்ந்து சொல்ற குரல்.”

பொச்செல்லியின் அப்பா 2000 ஏப்ரல் 30 அன்று இறந்தார். மறுநாள் ரோமில் போப்பின் முன்னால் பாட வேண்டும். ஒப்புக்கொண்டதைச் செய் என்று அம்மா அனுப்பினார். பாடிவிட்டு இந்தச் சாலை வழியாகத்தான் இறுதிச் சடங்குக்குத் திரும்பியிருப்பார். ‘சியெலி தி தொஸ்கானா’ வந்தது அதற்கு அடுத்த வருஷம். இரண்டையும் முடிச்சுப்போட எனக்கு உரிமை இல்லை. அத்தை போட்டுவிட்டார்: “அதான் ஊர் பேரை வெச்சிருக்கான்.”

லயாத்திகோ குன்றின் மேல் இருக்கிறது. ஊரைத் தாண்டிக் கொஞ்சம் போனால் தியாத்ரோ தெல் சிலென்ஸியோ, மௌன அரங்கம். பொச்செல்லி சொல்லி, உள்ளூர் நிர்வாகம் கட்டியது. 2006 ஜூலையில் முதல் கச்சேரி. வருஷத்தில் ஒரே ஓர் இரவு பாட்டு, மற்ற நாளெல்லாம் மௌனம். அதுதான் பெயர்க்காரணம். இப்போது இரவுகள் கொஞ்சம் கூடியிருக்கின்றன. மேடை வாழ்வின் முப்பதாம் ஆண்டான 2024இல் மூன்று. அந்த ராத்திரிகளில் இந்த மலைப்பாதையில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஏறி வருகிறார்கள். “ஜூலையில் வந்திருந்தால் இங்கே கார் நகராது” என்றார் ஓட்டுநர். பெருமையா அலுப்பா, குரலில் தெரியவில்லை.

இன்று நாங்கள் இரண்டு பேர். தூரத்தில் ஒரு டிராக்டர்.

ஜூலைப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நாற்காலிகள் இல்லை, கோபுர விளக்குகள் இல்லை. குன்றுகள் இயற்கையாகவே கிண்ணம் மாதிரி குழிந்த இடம், அதன் அடியில் வட்டமாக ஒரு செயற்கைக் குளம், சுற்றிலும் கற்பாளங்கள். தண்ணீரில் மேகம். அவ்வளவுதான். குன்றுச் சரிவில் சால்வையை விரித்து உட்கார்ந்தோம்.

இதை எழுதத் தொடங்கியதிலிருந்தே, கடைசியில் அத்தையை இங்கே பாட வைக்க வேண்டும் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். போனில் வீடியோ எடுக்கக்கூடத் தயார். கேட்டேன்.

“போடி. இங்க எதுக்குப் பாடணும்?”

எழுந்து குளத்துப் பக்கம் நடந்து போனார். கிண்ணத்தின் நடுவில் நின்று, கையை ஓங்கி ஒரே ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு பக்கம் திரும்பி இன்னொரு தட்டு. பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் அசைவதுதான் தெரிந்தது. காற்று அவர் பேச்சை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டது.

நான் இறங்கிப் போனேன்.

“என்ன சொன்னீங்க?”

“கேக்கலல்ல? அதான் சொன்னேன். சுவர் இல்ல, கூரை இல்ல. தட்டினா திரும்பி வரல. அந்த வட்ட மண்டபத்துல சின்னக் குரல்கூட நிறைஞ்சுது. இங்க உன் கொரெல்லி வந்து நின்னாலும் நாலாவது வரிசைக்குக் கேக்காது.”

“ஆமா அத்தை.”

“இங்க யார் வந்தாலும் மைக்ல தான்டி பாடணும்.”

சொல்லிவிட்டு, ஒரு திருட்டைக் கண்டுபிடித்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. மைக் இல்லாமல் பாடுவாயா என்று முப்பது வருஷமாகக் கேட்கப்பட்ட ஆள், தன் சொந்த ஊரில் அரங்கம் அமைக்க ஓர் இடத்தைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்விக்கே வேலை இல்லாத இடம். பிளாசிடோ டொமிங்கோ இங்கே வந்து பாடியிருக்கிறார். அவருக்கும் மைக்தான். வேண்டுமென்றே செய்தாரா? இருக்காது. சின்ன வயதில் ஓடித்திரிந்த குன்று, பிடித்த மௌனம், அதனால் இங்கே. ஆனாலும் அத்தையின் கண்ணில் இருந்த குறும்பைப் பார்த்தபோது, வக்கீலாயிற்றே என்று எனக்கும் தோன்றியது.

கிளம்பும்வரை அத்தை கிட்டப்பா காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மைக் வராத நாடகக் கொட்டகைகள். உச்சஸ்தாயியில் எடுத்தால் கடைசி வரிசை வரைக்கும் போகும் என்று அவர் குரு சொல்வாராம். மைக் வந்ததும் சுருதியை இறக்கிக்கொண்டார்கள், கனத்த குரல்களும் நுணுக்கக் குரல்களும் மேடைக்கு வந்தன. மைக் இல்லாவிட்டால் அத்தையின் சொந்தக் குரலே வகுப்பறையைத் தாண்டியிருக்காது. இதை அவர் இதற்கு முன் என்னிடம் சொன்னதில்லை.

“கோயில் பிராகாரத்துல ஒரு தடவை மைக் நின்னுபோச்சு. ரெண்டு வரிசைக்கு மேல யாருக்கும் கேக்கல. எழுந்து போயிட்டாங்க. முப்பத்தஞ்சு வருஷம் இருக்கும்.”

நான் எதுவும் சொல்லவில்லை. ஓட்டுநர் தூரத்திலிருந்து ஹாரன் அடித்தார். அது நன்றாகவே கேட்டது.

ஆறாம் நாள்: பீசா, காலை

திரும்பும் ரயில் எட்டு மணிக்கு. ஐந்து மணிக்கு எழுந்தால் அத்தை போர்வைக்குள் இல்லை. ஜன்னலோரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். போனில் சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பூபாளம். வாய்க்குள் இல்லை, முழுக் குரலில். மேல் ஸட்ஜத்துக்குப் போய் நின்றார்.

பக்கத்து அறைக்காரர் சுவரில் டொக் டொக்கென்று தட்டினார்.

அத்தை நிறுத்தி, என்னைப் பார்த்து, வாயெல்லாம் சிரிப்பாக, “கேட்டிருக்கு” என்றார்.